ஒரு நாளைக்கு 300 கிலோமீட்டர்

ஏப்ரல் கடைசி ஞாயிறு, மார்க்கம்

ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் நாங்கள் இருக்கும் மார்க்கம் நகரிலிருந்து வான்கூவருக்கு, அமெரிக்காவுக்குள் இறங்காமல் கனடா மண்ணாலேயே போவதென்றால் ஏறக்குறைய 4,400 கிலோமீட்டர். மகன் ஒருமுறை நண்பர்களோடு மாறி மாறி ஓட்டி ஐந்து நாளில் முடித்தவன். “திங்கள் வெளிக்கிட்டால் வெள்ளிக்கிழமை எங்கட வீட்டில சாப்பிடலாம் அம்மா” என்று போனில் சொல்கிறான். நாங்கள் இருவரும் இன்று சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்து வேறு கணக்கில் இறங்கினோம். ஒரு நாளைக்கு 300 கிலோமீட்டர். அதற்கு மேல் ஓடுவதில்லை.

இவர் முப்பது வருடத்துக்கு மேல் தொழிற்சாலையில், பெரும்பாலும் இரவு வேலை. நான் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து நாங்கள் கண்ட கனடா என்றால் 401 நெடுஞ்சாலை, நயாகரா, மொன்றியலில் கலியாண வீடுகள். வான்கூவருக்கு விமானத்தில் போனபோது கீழே மேகம்தான் தெரிந்தது. எங்களை ஏற்றுக்கொண்ட நாட்டை ஒருமுறையாவது நிலத்தோடு நிலமாகப் போய்ப் பார்க்கவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதை ஐந்து நாளில் ஓடி முடிப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

கணக்கு இப்படி. ஆர்.வி வண்டியை, அதாவது கட்டிலும் அடுப்படியும் உள்ள வீட்டு வண்டியை, 85, 90 வேகத்துக்கு மேல் விரட்டக்கூடாது. இடையில் நிறுத்தி, தேத்தண்ணீர் குடித்து, கால் நீட்டி நடந்தால் 300 கிலோமீட்டருக்கு ஐந்து மணித்தியாலம் போகும். காலை ஒன்பதுக்கு வெளிக்கிட்டால் பின்னேரம் இரண்டரை, மூன்றுக்குள் இடம் சேரலாம். வட ஒன்ராறியோவில் பொழுதுபடும் நேரம் வண்டி ஓட்டவே கூடாது. மூஸ் மான்கள் தெருவுக்கு வரும் நேரம் அது. குளிர்காலத்தில் தெருவுக்குப் போட்ட உப்பு ஓரத்துப் பள்ளங்களில் தேங்கி நிற்கும். அதை நக்குவதற்கு வருகின்றன. உடம்பு கறுப்பு, உயரம் ஆளை விட அதிகம். வெளிச்சம் காலில்தான் படும், கண்ணில் படாது. ஆகவே கண்டு பிரேக் பிடிக்க நேரமிருக்காது.

எரிபொருளையும் எழுதி வைத்தோம். இந்த அளவு வண்டி 100 கிலோமீட்டருக்கு 20 முதல் 25 லீற்றர் குடிக்கும். போகும் வழிக்கு மட்டும் 1,000 லீற்றர் என்று வைத்துக்கொண்டோம். மெதுவாக ஓடினால் அதிலும் கொஞ்சம் மிச்சம் வரும் என்பது இவரது கட்சி.

மே நடுப்பகுதி, மார்க்கம்

வண்டி வந்துவிட்டது. பழையதுதான், 24 அடி நீளம், சாரதி இருக்கைக்கு மேலே ஒரு கட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் வகை. இதைச் ‘சி கிளாஸ்’ என்கிறார்கள். பஸ் மாதிரி இருப்பது ‘ஏ’, வான் மாதிரி இருப்பது ‘பி’. இருவருக்கு ‘பி’ போதும் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு நின்று சமைக்க ஓர் அடுப்படி வேண்டும், இவருக்கு முழங்கால் நோவு என்பதால் ஏறி இறங்கத் தேவையில்லாத கட்டில் வேண்டும். பின்பக்கத்தில் அப்படி ஒன்று இருக்கிறது. மேல் கட்டில் சாமானுக்கு.

பலரும் கேட்பதால் சொல்கிறேன்: ஒன்ராறியோவில் இதற்குத் தனி லைசென்ஸ் தேவையில்லை. சாதாரண ‘ஜி’ லைசென்ஸில் 11,000 கிலோ வரை ஓட்டலாம். எங்கள் வண்டி சாமானோடு 6,000 கிலோவுக்குள்.

ஆனால் லைசென்ஸ் இருப்பதும் ஓட்டத் தெரிந்திருப்பதும் ஒன்றில்லை. ஞாயிறு காலையில் வெறுமையாகக் கிடந்த ஒரு வாகனத் தரிப்பிடத்துக்குப் போனோம். இவர் நாலு பிளாஸ்டிக் வாளிகளைக் கவிழ்த்து வைத்து, “இப்ப வலப்பக்கம் திருப்பும், இடப்பக்கக் கண்ணாடியைப் பாரும்” என்றார். பார்த்தேன். பின் சக்கரத்துக்குப் பின்னால் வண்டி நெடுக நீண்டிருக்கிறது. முன்பக்கம் வலப்பக்கம் போகப்போக, அந்த வால் இடப்பக்கம் வீசிக்கொண்டு போய் வாளியைத் தட்டியது. காரில் இப்படி ஒன்று கிடையாது. பெற்றோல் பம்புக்குப் பக்கத்திலிருந்து வெளிக்கிடும்போதுதான் இந்த வால் ஆபத்து. முதலில் நேராகக் கொஞ்சத் தூரம் போய், பிறகுதான் திருப்பவேண்டும். வாளி அசையாமல் திருப்பும் வரைக்கும் ஓட்டினேன். இரண்டு பேரும் ஓட்டத் தெரியாமல் இந்தப் பயணத்துக்கு யாரும் வெளிக்கிடக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலே நடுவழியில் நிற்கவேண்டி வரும்.

உயரத்தையும் அளந்தோம், கூரையில் உள்ள ஏசியோடு சேர்த்து. 3.4 மீற்றர் என்று பெரிதாக எழுதிச் சாரதிக்கு முன்னால் ஒட்டியிருக்கிறேன்.

அடுத்தது தண்ணீர். குளிர்காலத்தில் குழாய்கள் உறைந்து வெடிக்காதபடி பிங்க் நிறத் திரவம் விட்டு வைத்திருப்பார்கள். அதைக் கழுவி ஓடவிட்டு, பிறகு தொட்டிக்கு பிளீச் போடவேண்டும். 57 லீற்றருக்குக் கால் கோப்பை என்பது அளவு. நிரப்பி, ஒவ்வொரு குழாயாகத் திறந்து மணம் வரும்வரை ஓடவிட்டு, ஓர் இரவு வைத்திருந்து, காலையில் மணம் போகுமட்டும் கழுவினோம். எங்கள் தொட்டி 140 லீற்றர் கொள்ளும். 140 லீற்றர் என்றால் 140 கிலோ. அதனால் தண்ணீர் நிரப்புவதையும் அடுத்த இடத்தில் குழாய் இருக்கிறதா என்று பார்த்துத்தான் தீர்மானிக்கிறோம்.

மே கடைசி வாரம், மார்க்கம்

ஏன் இன்னும் வெளிக்கிடவில்லை என்று அக்கா கேட்கிறா. காரணம் கறுப்பு ஈ. மே நடுவிலிருந்து ஜூன் நடுவரை வட ஒன்ராறியோக் காடுகளில் அது மொய்க்கும். காதுக்குப் பின்னாலும் தலைமயிர் ஓரத்திலும் கடித்து இரத்தம் வரும். ஜூன் பிற்பாதியில் குறைந்துவிடும். நுளம்பு இருக்கும், அதோடு எங்களுக்குப் பிறந்த நாள் முதல் பழக்கம்.

இடங்களைக் குளிர்காலத்திலேயே பிடித்துவிட்டோம். ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களில் ஐந்து மாதம் முன்னதாகக் காலை ஏழு மணிக்குப் பதிவு திறக்கும். ஏரிக்கரை ஓரத்து இடங்கள் சில நிமிடத்தில் போய்விடும். ஜனவரி இருட்டில் இவர் கணினிக்கு முன்னால் கோப்பியோடு இருந்த காலைகள்தான் இந்தப் பயணத்தின் உண்மையான தொடக்கம் என்று எனக்குப் படுகிறது.

மருந்து: எங்கள் வயதினருக்கு அரசாங்க மருந்துத் திட்டத்தில் 100 நாளுக்குத் தேவையானதை ஒரேயடியாக வாங்கலாம். இவரது பிரஷர் குளிசையும் என் தைரொயிட் குளிசையும் வாங்கியாயிற்று. ஒன்ராறியோ சுகாதார அட்டை மற்ற மாகாண ஆஸ்பத்திரிகளிலும் செல்லும், ஆனால் அங்கே அம்புலன்ஸில் ஏறினால் அந்தக் காசு நம் கையிலிருந்து போகும். அதற்குப் பயணக் காப்புறுதி எடுத்திருக்கிறோம். நாட்டுக்குள்தானே போகிறோம், காப்புறுதி எதற்கு என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

அடுப்படிச் சாமான்: அரிசி மா, வறுத்த மிளகாய்த்தூள், பருப்பு, தேங்காய்ப்பூ பொதிகள், கருவாடு, ஒரு சின்னப் புட்டுக்குழல், மிக்ஸி. கறிவேப்பிலையை உருவிக் குளிர்ப்பெட்டியில் வைத்தாயிற்று. விறகு மட்டும் இங்கிருந்து கொண்டுபோகக் கூடாது. மரத்தை அரிக்கும் பூச்சிகள் விறகோடு விறகாகப் பயணம் போய், போகிற இடத்துக் காட்டை அழித்துவிடும். போகிற இடத்தில் வாங்கி அங்கேயே எரிக்கவேண்டும்.

ஜூன், செவ்வாய், கிரண்டி லேக்

வெளிக்கிட்டோம். 400 நெடுஞ்சாலையில் பாரி வரைக்கும் வழக்கமான நெரிசல். போர்ட் செவர்ன் தாண்டியதும் நிலம் மாறிவிடுகிறது. தெருவுக்காக வெடிவைத்துப் பிளந்த பாறைகள் இரண்டு பக்கமும், இளஞ்சிவப்பும் சாம்பலுமாக, நூறு கோடி வருடத்துக்கும் மேற்பட்டவை. அவற்றுக்கு மேலே வழிப்போக்கர்கள் கல் மேல் கல் அடுக்கி மனித உருவங்களை நிறுத்தியிருக்கிறார்கள்.

மூன்று மணிக்கு முன்னர் கிரண்டி லேக் மாகாணப் பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்தோம். முதல் வேலை வண்டியை மட்டமாக நிறுத்துவது. ஒரு சக்கரத்துக்குக் கீழே மஞ்சள் பிளாஸ்டிக் கட்டைகளை வைத்து ஏற்றினோம். மட்டமில்லாவிட்டால் புரொப்பேனில் ஓடும் குளிர்ப்பெட்டி ஒழுங்காக வேலை செய்யாது.

மின்சாரம் 30 ஆம்பியர் இணைப்பு. 120 வோல்ட்டோடு பெருக்கினால் 3,600 வாட். கெட்டில் 1,500, ஏசி ஏறக்குறைய அதேயளவு, அதோடு மைக்ரோவேவையும் போட்டால் பிரேக்கர் விழுந்துவிடும். ஆகவே எங்கள் வண்டியில் ஒரு சட்டம்: தேத்தண்ணீர் வைக்கும்போது ஏசி நிற்கும். “இஞ்சாருங்கோ, கெட்டில் போடப்போறன்” என்றால் இவர் எழும்பிப் போய் ஏசியை நிறுத்துவார்.

இரவு புட்டும் கருவாட்டுக் குழம்பும். சமைத்த சட்டி, எச்சில், குப்பை ஒன்றையும் வெளியே விடக்கூடாது, கரடி வரும். கருவாட்டுச் சட்டியைக் கழுவித் துடைத்து உள்ளே வைத்த பிறகுதான் படுத்தோம்.

புதன், மாசி

வழியில் சட்பரி. 1883இல் ரயில் பாதை போடும்போது இங்கே நிக்கலும் செம்பும் கிடப்பது தெரியவந்தது. 185 கோடி வருடங்களுக்கு முன் ஒரு விண்கல் மோதிய பள்ளம் இது; அதனால் வந்த உலோகம். உருக்கிய புகையிலிருந்த கந்தகம் காட்டையெல்லாம் எரித்து, பாறைகளைக் கறுப்பாக்கி வைத்திருந்தது. 1978இலிருந்து ஊர்ச்சனம் சுண்ணாம்புத் தூளை மலைகளில் பரப்பி, புல் விதைத்து, மரம் நட்டு வருகிறார்கள். நட்ட மரம் ஒரு கோடிக்கு மேல். பாறையின் கறுப்பு இன்னும் தெரிகிறது, ஆனால் அதன் வெடிப்புகளிலெல்லாம் பைன் மரம் நிற்கிறது. கெட்டுப்போன நிலத்தை மனிதர் திருத்தலாம் என்பதைக் கண்ணால் பார்த்த இடம் இது. 9 மீற்றர் உயர ஐந்து சத நாணயத்துக்கு முன்னால் எல்லாரையும்போல நாங்களும் படம் எடுத்தோம்.

இரவு மாசியில், சூட்ஸ் பூங்காவில். ஆற்றுச் சத்தத்தோடு நல்ல நித்திரை.

வியாழன், சூ செயின்ட் மரி

இன்று 210 கிலோமீட்டர்தான். சுப்பீரியர் ஏரி கடல் மட்டத்துக்கு மேல் 183 மீற்றரில் இருக்கிறது, கீழே ஹியூரன் ஏரி 176இல். நடுவில் இருக்கும் அந்த 7 மீற்றர் இறக்கத்தில் ஆறு பாய்ந்து விழுவதால் கப்பல் ஏறமுடியாது. அதற்காக 1895இல் கனடாப் பக்கத்தில் கட்டிய கால்வாய்ப் பூட்டு, அதாவது தண்ணீரை ஏற்றி இறக்கிக் கப்பலை உயர்த்தும் கதவடைத்த தொட்டி, உலகத்தில் முதன்முதல் மின்சாரத்தில் இயங்கியது. இப்போது சின்னப் படகுகள்தான் அதனூடாகப் போகின்றன. கதவு மூடி, தண்ணீர் ஏற ஏற, படகும் அதில் நிற்கும் பிள்ளைகளும் மெல்ல மெல்ல எங்கள் காலடி மட்டத்துக்கு உயர்ந்து வந்தார்கள். இவர் தொழிற்சாலையில் யந்திரம் பார்த்த மனிதர். கதவின் பற்சக்கரத்தைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். கூப்பிட எனக்கு மனம் வரவில்லை.

பின்னேரம் தொட்டிகளைக் காலி செய்தோம். இதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, அதனால் எழுதுகிறேன். கழிப்பறைத் தொட்டி ஒன்று, சமையல், குளியல் தண்ணீருக்கு ஒன்று. கையுறை போட்டு, குழாயைப் பூட்டி, முதலில் கழிப்பறைத் தொட்டி வால்வைத் திறக்கவேண்டும். அது முடிந்த பிறகுதான் மற்றது; அந்தச் சவர்க்காரத் தண்ணீர் குழாயைக் கழுவிக்கொண்டு போகும். பத்து நிமிட வேலை. அருவருப்புப் படுபவர்கள் ஒருமுறை செய்து பார்த்தால் பயம் போய்விடும்.

“இஞ்சாருங்கோ, ரெண்டு வால்வையும் மூடினீங்களோ?”

“ஓமோம், மூடிட்டன். நீர் ஏறும்.”

வெளிக்கிட முதல் பெற்றோலை நிரப்பினோம். இதற்கு வடக்கே பம்புகள் தூரத் தூரத்தில்தான்.

வெள்ளி, அகாவா பே

நான் இந்தப் பயணத்தில் மிகவும் எதிர்பார்த்த இடம். சுப்பீரியர் ஏரி மாகாணப் பூங்கா. வண்டியின் கதவைத் திறந்தால் சில அடி மணல், அதற்கப்பால் ஏரி. கரை தெரியாது. 82,100 சதுர கிலோமீட்டர்; இலங்கையை இதற்குள் வைத்தால் சுற்றிலும் இடம் மிஞ்சும். மற்ற நாலு பெரிய ஏரிகளின் தண்ணீரைச் சேர்த்தாலும் இதில் உள்ளது அதிகம். ஒருமுறை இதற்குள் வந்த தண்ணீர் வெளியே போக ஏறக்குறைய 191 வருடம் எடுக்கும் என்கிறார்கள்.

நான் யாழ்ப்பாணத்தில் ஆறில்லாத ஊரில் பிறந்தவள். எங்களுக்குத் தண்ணீர் என்றால் கிணறு, அது ஒன்றுதான். வைகாசி, ஆனி வெயிலில் மட்டம் இறங்க இறங்க அம்மா எங்கள் முழுக்கு வாளிகளை எண்ணத் தொடங்கிவிடுவா. அந்தப் பழக்கம் எனக்கு இந்த வண்டியில் கைகொடுக்கிறது. உடம்பை நனைத்ததும் குழாயை மூடி, சோப்புப் போட்டு, பிறகு திறந்து கழுவுகிறேன். பாத்திரத்தை முதலில் கடதாசியால் துடைத்துவிட்டுக் கழுவுகிறேன். 140 லீற்றரில் இருவருக்கும் மூன்று நாள் தாராளமாகப் போகிறது. இங்கே கரையில் உட்கார்ந்து அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். குனிந்து முகம் கழுவினேன். ஜூன் மாதத்திலும் எலும்பு வரைக்கும் குளிர் ஏறுகிறது.

பின்னேரம் அகாவா பாறைக்குப் போனோம். அதில் இந்தக் கரையின் ஆதிக்குடிகளான ஓஜிப்வே மக்கள் செங்காவியால் வரைந்த ஓவியங்கள் இருக்கின்றன. ஏரிக்கு நேரே செங்குத்தாக நிற்கும் பாறை. அதன் அடியில் தண்ணீரை நோக்கிச் சரிந்த ஒரு திட்டில் நின்றுதான் பார்க்கவேண்டும். இன்று அலை திட்டுக்கு மேலால் அடித்துக்கொண்டிருந்தது. பூங்கா ஊழியர் ஒருவர் கீழே இறங்க வேண்டாம் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்.

சனி, அகாவா பே

நல்லவேளை, இங்கே இரண்டு இரவு போட்டிருந்தோம். திட்டம் போடும்போது இந்த இரண்டாவது இரவுக்காக நான் வாதாடினேன். ஏரி எப்போது அமைதியாக இருக்கும் என்பதை ஏரிதான் தீர்மானிக்கும். நாள் கணக்கை இறுக்கிக்கொண்டு வந்திருந்தால் நேற்று அலையைப் பார்த்துவிட்டு வழியில் அடுத்து வரும் வாவா ஊருக்குப் போயிருப்போம்.

காலையில் காற்று விழுந்துவிட்டது. பதினொரு மணிக்குத் திரும்பப் போனோம். இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒடுங்கிய பிளவால் இறங்கும் பாதை, உள்ளே குளிர்க் காற்று வீசுகிறது. இவர் முழங்காலுக்குப் பயந்து ஒவ்வொரு படியாகக் கையூன்றி வந்தார். திட்டில் ஏறி, பாறையில் முதுகை வைத்து ஓரமாக நகர்ந்து, பிறகு திரும்பினோம்.

கொம்புள்ள ஓர் உருவம். முதுகு நெடுக முள், நீண்ட வால். மிஷிபெஷு, இந்த ஏரியின் அடியில் இருக்கும் பெரிய பூனை வடிவச் சக்தி, புயலும் அமைதியும் அதன் கையில் என்பது ஓஜிப்வே நம்பிக்கை. அதற்குக் கீழே இரண்டு பாம்புகள், பக்கத்தில் ஆட்கள் இருக்கும் ஒரு தோணி. செங்காவியை மிருகக் கொழுப்போடு குழைத்து விரலால் தீட்டியிருக்கிறார்கள். தோணியில் இருப்பவர்கள் வெறும் கோடுகள்தான், ஒரு கோடு ஓர் ஆள். விரலின் அகலம் அப்படியே தெரிகிறது. வெளியார் பலகாலமாக இது எங்கே என்று தெரியாமல் தேடி, 1958இல் செல்வின் டியூட்னி என்பவர் கண்டுபிடித்து எழுதினார். இந்த மக்களுக்கு அது ஒருபோதும் தொலைந்துபோகவில்லை. ஒரு வெடிப்பில் சிவப்புத் துணியில் கட்டிய புகையிலை வைக்கப்பட்டிருந்தது. இது இன்றைக்கும் கும்பிடும் இடம். யாரும் கைவைத்துத் தொடவேண்டாம், அதை மனதில் வைத்துக்கொண்டு போங்கள்.

திரும்பி ஏறும்போது இவர், “நீர் அந்த ரெண்டாவது நாளுக்குச் சண்டை பிடிச்சது நல்லதாப் போச்சு” என்றார்.

ஞாயிறு, நேய்ஸ்

இன்று சரியாக 300 கிலோமீட்டர் வரும் நாள். நான் வாவா வரை ஓட்டினேன், பிறகு இவர். ஓல்ட் வுமன் பேயில் 200 மீற்றர் செங்குத்துப் பாறைக்குக் கீழே தேத்தண்ணீர்.

வாவாவில் பெரிய வாத்துச் சிலையைப் பார்க்க எல்லாரும் நிறுத்துவார்கள். சிலையை விட அது ஏன் நிற்கிறது என்பதுதான் எனக்குப் பிடித்தது. 1960 செப்டெம்பர் வரைக்கும் சுப்பீரியர் கரையோரம் தொடர்ச்சியான தெரு கிடையாது, நடுவில் ஓர் இடைவெளி. பாறையும் சதுப்புமாக இருந்த அந்த இடைவெளியை வெட்டி இணைத்த பிறகுதான் இந்தக் கரையால் தொடர்ச்சியாக வண்டி ஓடியது. தெரு வந்தும் ஆட்கள் ஊருக்குள் திரும்பாமல் நேரே போய்விடக்கூடாது என்று வாத்தை நிறுத்தினார்கள். இன்றும் திரும்புகிறோம். பலசரக்கு, பெற்றோல், ஐஸ் எல்லாம் அங்கேதான் வாங்கினோம்.

நேய்ஸ் பூங்கா இப்போது அழகான மணற்கரை, முழுக்க வெள்ளை வெளுத்த மிதவை மரங்கள். இரண்டாம் உலகப்போரில் இது 100ஆம் இலக்க முகாம், ஜெர்மன் போர்க் கைதிகளை வைத்திருந்த இடம். முன்னால் ஏரி, பின்னால் முடிவில்லாத காடு, தப்பினாலும் போக வழியில்லை. போரினால் ஊரைவிட்டு வந்தவர்களுக்கு முகாம் என்ற சொல்லைக் கேட்டால் மனம் சும்மா இராது. இவர் அதிகம் கதைக்கவில்லை. கரை நெடுக இருவரும் நடந்துவிட்டு வந்தோம்.

திங்கள், தண்டர் பே

நிப்பிகன் பாலம். கனடாவின் கிழக்கையும் மேற்கையும் நாட்டுக்குள்ளால் இணைக்கும் தெருக்கள் எல்லாம் இந்த ஓர் இடத்தில் ஒன்றாகி ஆற்றைக் கடக்கின்றன. 2015 நவம்பரில் புதிய பாலம் திறந்தார்கள். 2016 ஜனவரிக் கடுங்குளிரில் போல்ட்டுகள் உடைந்து தளத்தின் ஒரு முனை 60 சென்ரிமீற்றர் அளவுக்கு மேலே எழும்பிவிட்டது. அடுத்த நாள் ஒரு வழியைத் திறக்கும்வரை, காரில் கனடாவைக் கடக்க அமெரிக்காவைச் சுற்றித்தான் வரவேண்டியிருந்தது. இப்போது திருத்தி முழுமையாகக் கட்டி முடித்து, வெள்ளைக் கம்பங்களும் கம்பிகளுமாக நிற்கிறது. ஆறுதலாக ஓட்டிக் கடந்தோம்.

தண்டர் பேக்கு முன்னாலேயே டெரி ஃபாக்ஸ் சிலை. எங்கள் மகள் ஸ்காபரோவில் படித்த காலத்தில் ஒவ்வொரு செப்டெம்பரும் பள்ளிக்கூடத்தில் அவர் பெயரில் ஓட்டம் இருக்கும். இரண்டு டொலர் நாணயத்தைக் கையில் பொத்திக்கொண்டு போவாள். புற்றுநோயால் வலக்காலை இழந்த இளைஞர், புற்றுநோய் ஆராய்ச்சிக்குக் காசு சேர்க்க 1980 ஏப்ரல் 12இல் கனடாவின் கிழக்குக் கோடியிலுள்ள செயின்ட் ஜோன்ஸிலிருந்து செயற்கைக் காலோடு ஓடத் தொடங்கினார். நாளொன்றுக்கு ஒரு மரதன், 42 கிலோமீட்டர் என்பது அவர் குறி. 143 நாள், 5,373 கிலோமீட்டர். செப்டெம்பர் 1இல், இந்த இடத்துக்குக் கிட்ட, நோய் நுரையீரலுக்குப் பரவியதால் நின்றார். அடுத்த வருடம் ஜூனில் காலமானபோது வயது 22.

42 கிலோமீட்டரை எங்கள் வண்டி அரை மணித்தியாலத்தில் கடக்கும். இந்தக் கிழமை ஏறி இறங்கிய அந்த மலைத் தெருக்களை, அகாவா பேக்கு முன்னால் வந்த மொன்றியல் ரிவர் ஏற்றத்தை, அவர் ஒற்றைக் காலால் ஏறியிருக்கிறார். சின்ன உயரமில்லை அது. எங்கள் என்ஜினே இரைந்துகொண்டுதான் ஏறியது. வெண்கலச் சிலை மேற்கே பார்த்தபடி நிற்கிறது, கீழே ஏரியில் படுத்திருக்கும் ராட்சதனைப்போல ஸ்லீப்பிங் ஜயன்ட் மலை. இவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நான் நன்றாக அழுதேன்.

பின்னேரம் உடுப்புத் தோய்க்கும் கடையில் இருந்து அடுத்த பகுதியைத் திருத்தினோம். மனிரோபா, சஸ்காச்சுவன் சமவெளியில் தெரு நேர். அங்கே 400 ஓடலாமே என்று இவர் கேட்டார். நேரான தெருவில்தான் நித்திரை தூங்கும் என்று நான் சொன்னேன். 350 என்று ஒப்புக்கொண்டோம், ஆனால் இருவரும் மாறி மாறி ஓட்டினால் மட்டும். மலைப் பூங்காவான ஜாஸ்பரைத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டோம். அந்த நாட்களை பிரிட்டிஷ் கொலம்பியா மலைகளிலுள்ள ரொஜர்ஸ் கணவாய்க்கு முன்னும் பின்னும் போட்டிருக்கிறோம். அங்கே இறக்கத்தில் கியரைக் குறைத்து, பிரேக் சூடாகாமல் மெதுவாக இறங்கவேண்டும், அவசரம் கூடாது. அதற்கு முன்னால் கல்கரியில் பிரேக் சோதனைக்கு நேரம் எடுத்தாயிற்று. மகனுக்குப் போன் செய்து, வெள்ளிக்கிழமையைக் கேட்காதே, ஆடி பிறந்த பிறகு பார் என்று சொன்னேன். “ஆறுதலா வாங்கோ அம்மா” என்றான்.

அடுத்துப் போகவேண்டிய கெனோரா நகரம் 490 கிலோமீட்டர் என்பதால் நாளைக்கு நடுவில் இக்னேஸுக்குப் பக்கத்தில் சாண்ட்பார் லேக்கில் இரவு. வழியில் நேரம் ஒரு மணித்தியாலம் பின்னே போகும். காலையில் முதலில் புரொப்பேன் நிரப்பவேண்டும், பிறகு ககபெக்கா நீர்வீழ்ச்சி, மத்தியானத்துக்கு இடியப்பமும் சம்பலும் கட்டி வைத்திருக்கிறேன்.